பாட்டில் மருந்தும் ஐந்து லட்ச அட்டையும்

சிங்கம்புணரியிலிருந்து மதுரைப் பெரியாஸ்பத்திரி சுமார் 60 கிலோமீட்டர். மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி நோயாளியைக் கிடத்திக்கொண்டு போன நாளிலும் அதே தூரம்தான். 108-க்குப் போன் செய்துவிட்டு வாசலில் காத்திருக்கும் இன்றும் அதே தூரம்தான். மாறியவை வண்டியும் சாலையும் நேரமும். அந்தத் தூரத்துக்கு யார் காசு கொடுப்பது என்ற விஷயத்தில் மாற்றம் அவ்வளவு வேகமாக வரவில்லை.

ஊர் அப்போது ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. 1910-இல் உருவான அந்த மாவட்டத்துக்குக் கலெக்டர் அலுவலகமே மதுரையில்தான் நெடுங்காலம் இயங்கியது. நிலத் தகராறானாலும் வயிற்றுக் கட்டியானாலும் இன்னொரு மாவட்டத்துக்குப் போய்த்தான் முறையிட வேண்டும். மதுரை மருத்துவக் கல்லூரி 1954-இல் தொடங்கியபின் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி இன்னும் பெரிதானது. பிறகு ராஜாஜியின் பெயர் சூட்டினார்கள். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு இரண்டு பெயருமே ஒட்டவில்லை. பெரியாஸ்பத்திரி என்றால் போதும்.

பக்கத்தில் என்று சொன்னால் திருப்பத்தூர் சுவீடிஷ் மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. எங்கோ வடதுருவத்துக்கு அருகே இருக்கும் நாட்டின் லுத்தரன் சபை, இந்தச் செம்மண் பூமியில் வந்து கட்டிலும் கத்தியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. அரசு எட்டாத இடத்தில் மிஷன் எட்டியது. மற்றபடி ஊருக்குள் உள்ளது உள்ளபடி: வாத்தியார் என்று ஊர் அழைக்கும் சித்தர் முத்துவடுகநாதரின் சன்னிதித் திருநீறு, பிரான்மலைப் பச்சிலை, நாட்டு வைத்தியரின் சூரணம். அரசு டிஸ்பென்சரிக்குப் போகிறவர் வீட்டிலிருந்தே காலி பாட்டில் கொண்டுபோக வேண்டும். கம்பவுண்டர் அதில் சிவப்பு மிக்ஸ்சரை ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று காட்டுவதற்குப் பல்வெட்டிய காகிதத் துண்டை ஒட்டிக் கொடுப்பார். பிள்ளைப்பேறு வீட்டில்தான். மருத்துவச்சிக்கு நெல்லும் சேலையும்.

ஏற்றத்தாழ்வு அப்போதும் இல்லாமல் இல்லை. பர்மாவிலும் மலாயாவிலும் கொண்டுவிற்கப் போன செட்டிநாட்டு வீடுகளில் சிங்கப்பூர் கோடாலித் தைலம் அலமாரியில் இருக்கும். தேவைப்பட்டால் டாக்டரே கார் ஏறி வீட்டுக்கு வருவார். தென்னை நார் அடித்துக் கயிறு திரிக்கும் குடும்பத்துக்குத் தைலமும் இல்லை, டாக்டரும் இல்லை. பணக்காரருக்கும் ஏழைக்கும் நடுவில் இருந்த அந்த இடைவெளியோடு, மதுரைக்கும் சிங்கம்புணரிக்கும் நடுவில் இருந்த இடைவெளியும் சேர்ந்துகொண்டது.

பழைய காலத்தை நினைத்துப் பேசுகிறவர்கள், அன்று வைத்தியச் செலவு என்று ஒன்று குடும்பத்தை அழித்ததே இல்லை என்பார்கள். பாதி உண்மை. செலவு குறைவாக இருந்ததற்கு ஒரு காரணம், செலவழிக்க ஒன்றும் இல்லாதது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் சாய்ந்தவர் ஒரு மணி நேரத்தில் போய்ச்சேர்ந்தார். அதற்குப் பில் வரவில்லை. சிறுநீரகம் கெட்டவருக்கு உடம்பு வீங்கியது, வீங்கியபடியே முடிந்தது. ஈமச்சடங்குதான் பெரிய செலவு. இன்று அதே மனிதருக்கு அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைக்கிறார்கள், வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் செய்து ஆண்டுக்கணக்கில் நடமாட வைக்கிறார்கள். உயிருக்கு வழி பிறந்தபோதே செலவுக்கும் வழி பிறந்துவிட்டது.

1985 மார்ச்சில் எங்கள் ஊரும் சேர்ந்த சிவகங்கை தனி மாவட்டமானது. மாவட்டத்துக்கு மருத்துவக் கல்லூரி வர மேலும் 27 ஆண்டுகள் ஆயின. 2012-இல்தான் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது. பிறகு 2017-இல் புதுக்கோட்டை, 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறந்த பதினொன்றில் திண்டுக்கல்லும் ராமநாதபுரமும் விருதுநகரும். இப்போது சிங்கம்புணரியில் நின்று எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் ஒரு மருத்துவக் கல்லூரியில் போய் இறங்கலாம். ஒரே ஒரு மதுரை இருந்த இடத்தில் இது பெரிய காரியம். இந்தியாவில் பல மாநிலங்களின் உள்மாவட்டங்களுக்கு இந்த வசதி இன்னும் கனவுதான்.

மருந்தில் வந்த மாற்றம் இதைவிட ஆழமானது, சத்தமும் குறைவு. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உருவானது. மாநிலத்துக்கு வேண்டிய மருந்தை ஒரே இடத்தில் டெண்டர் விட்டு மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்தார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். அதில் எழுதியிருக்கும் தொகை வரைக்கும் மருந்து எடுத்துக்கொள்ளலாம். மூலையில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் ஒரே கம்பெனி மாத்திரை, ஒரே விலை. பின்னால் ராஜஸ்தானும் கேரளமும் தத்தம் கழகங்களை அமைத்தபோது தமிழ்நாட்டைப் பார்த்துத்தான் அமைத்தன. பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போன காலம் அதோடு முடிந்தது.

பிரசவத்தையும் சொல்ல வேண்டும். 1992-93-இல் எடுத்த முதல் தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் ஆஸ்பத்திரியில் நடந்த பிரசவங்கள் மூன்றில் இரண்டு பங்கை எட்டவில்லை. 2019-21 ஆய்வில் அது 99.6 சதவீதம். அதே ஆய்வு சிசேரியன் 44.9 சதவீதம் என்றும் சொல்கிறது. முதல் எண்ணுக்கு மகிழ்ந்து கைதட்டியவர்கள் இரண்டாவது எண்ணில் கையை இறக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பிறகு அட்டை வந்தது. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், குடும்பத்துக்கு நான்கு ஆண்டுகளுக்கு ஒரு லட்சம். 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான திட்டம், ஆண்டுக்கு ஒரு லட்சம். 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்து ஐந்து லட்சம். ஆட்சி மாறியும் அட்டை நிலைத்தது. நம் ஊரில் அது சாதாரண விஷயமில்லை. நகைக்கடன் வாங்காமல் பைபாஸ் செய்துகொண்டவர்கள் இன்று எந்தத் தெருவிலும் உண்டு. நாட்டுக் கணக்கிலும் இது தெரிகிறது: மருத்துவத்துக்காக ஆகும் மொத்தச் செலவில் ஜனங்கள் தம் கையிலிருந்து கொடுத்தது 2013-14-இல் 64.2 சதவீதம், 2021-22-இல் 39.4 சதவீதம்.

ஆனால் சராசரிக்கு ஊர் கிடையாது. 2018-19 கணக்கில் உத்தரப் பிரதேசத்திலும் கேரளத்திலும் கைக்காசுப் பங்கு மூன்றில் இரண்டுக்கு மேல். முன்னதில் அரசு குறைவாகச் செலவழிப்பதால். பின்னதில், வயதானவர்கள் அதிகமாகி, கையில் காசும் இருந்து, தனியாரிடம் போய்ப் பழகிவிட்டதால். ஒரே எண்ணுக்குப் பின்னால் இரண்டு வேறு கதைகள். தமிழ்நாட்டின் எண் அந்த இரண்டையும்விடக் குறைவு. ஆனால் தமிழ்நாட்டுக்குள்ளே சென்னைக்கும் சிங்கம்புணரிக்கும் இருக்கும் வித்தியாசத்தை அந்த எண் காட்டாது.

ஐந்து லட்சம் என்று அட்டையில் எழுதியிருப்பது எல்லா ஊருக்கும் பொது. அட்டையைக் காட்டக்கூடிய பெரிய ஆஸ்பத்திரிகளோ மதுரையிலும் திருச்சியிலும் சென்னையிலும். உள்ளே படுத்திருக்கும் நாட்களுக்கு அட்டை பணம் கட்டும். படுப்பதற்கு முன் நான்கு முறை போய்வந்ததற்கும், கூட இருக்கும் ஆளின் சாப்பாட்டுக்கும், வெளியே எழுதிக் கொடுக்கும் மாத்திரைக்கும் பெரும்பாலும் கட்டாது. மதுரைக்காரர் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு மதியம் கடையைத் திறக்கலாம். கயிறு ஆலையில் நாள்கூலிக்குப் போகும் பெண் கணவரை அழைத்துக்கொண்டு மதுரைக்குப் போனால், வீட்டில் இரண்டு கூலி போயிற்று. ரிப்போர்ட் மறுநாள்தான் என்றால் நான்கு. இதை எந்தப் பில்லிலும் எழுதுவதில்லை. 2017-18 தேசிய மாதிரி ஆய்வு, மகப்பேறு நீங்கலாக, அரசு ஆஸ்பத்திரியில் ஒருமுறை தங்க நாட்டளவில் சராசரியாக 4,452 ரூபாய் மருத்துவச் செலவு ஆவதாகவும் தனியாரிடம் 31,845 ரூபாய் ஆவதாகவும் சொல்கிறது. இலவசம் என்று நாம் சொல்லும் இடத்திலும் நாலாயிரம்; இதில் கூலி இழப்பு சேரவில்லை.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சுற்றுப்பட்டுக் கிராமத்திலிருந்து சிங்கம்புணரி ஆஸ்பத்திரிக்கு வந்து சீட்டு வாங்கும் பெண்களுக்கு இதுவும் ஒரு மருத்துவத் திட்டம்தான் என்பது என் எண்ணம். மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் இறங்கியபின் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் டவுன் பஸ்ஸும் அப்படியே. நடுவில் ஓடும் மதுரை வண்டிக்கு மட்டும் டிக்கெட் எடுக்க வேண்டும்.

இழந்ததும் உண்டு. சின்ன ஊர்களில் கிளினிக் வைத்திருந்த பழைய டாக்டருக்கு மூன்று தலைமுறையின் உடம்பு மனப்பாடம். உன் அப்பனுக்கும் இந்த வயதில்தான் இருமல் வந்தது என்பார். ஃபீஸ் சில்லறை, அதுவும் இல்லாவிட்டால் அறுப்புக்குப் பிறகு. ஸ்கேன் எடுக்காமலே தொட்டுப் பார்த்துச் சொன்னதில் தவறியதும் இருக்கும், அதை யாரும் கணக்கு வைக்கவில்லை. இன்று கணக்கு எல்லாம் இருக்கிறது; ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும், பழைய ஸ்கேனை நம்பாமல் புதிதாக எடுக்கச் சொல்கிறார்கள். பல முறை கைக்காசு கரைவது இங்கேதான்.

நோயாளி ஆஸ்பத்திரிக்கு நடந்த திசையைத் திருப்பிப் பார்த்தது 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கு வருகின்றன. மாதந்தோறும் ஒரு நாள் கூலி மிச்சம். நெஞ்சுவலிக்கும் கர்ப்பப்பைக் கட்டிக்கும் பழைய பாதைதான். மதுரைக்கு அறிவித்த எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் தோப்பூரில் அடிக்கல் நாட்டினார்கள். 2022-இல் 50 மாணவர்கள் ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரியில் தற்காலிகமாகப் படிக்கத் தொடங்கினார்கள். தோப்பூர் மதுரைக்கு அந்தப் பக்கம், திருமங்கலம் சாலையில். சிங்கம்புணரியிலிருந்து போகிறவர் மாட்டுத்தாவணியில் இறங்கி, ஊரைக் குறுக்கே கடந்து, இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும்.