நகரமும் வாடகை வீடும் – 9: மொன்ட்ரியால்-நோரில் குடியிருப்பைக் காக்கும் வழிகள்

மொன்ட்ரியால் தீவின் வடக்குக் கரையில், பிரேரி ஆற்றை ஒட்டிக் கிடக்கிறது மொன்ட்ரியால்-நோர். 2002இல் பெருநகரத்துடன் இணைக்கப்படும்வரை தனி நகரமாக இருந்த இந்தப் பகுதியில் ஏறத்தாழ 85 ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். பெரும்பான்மையோர் வாடகைக் குடியினர். ஹெயிட்டியிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த குடும்பங்கள் ஏராளம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு விளைநிலங்களில் வேகமாக எழுந்த இரண்டு, மூன்று மாடிக் கட்டடங்களே இங்கே அதிகம். லாப்பியேர், பாஸ்கால் போன்ற தெருக்களில் சிறிய வீட்டுக்குள் பெரிய குடும்பம் நெருங்கி வாழ்வது வழக்கம். 2020இல் கொரோனாவின் முதல் அலை நகரிலேயே மிகக் கடுமையாகத் தாக்கிய இடங்களில் ஒன்றாக இது ஆனதற்கு அந்த நெருக்கடியும் ஒரு காரணம்.

வாடகைக் குடியினருக்குக் கியூபெக் மாகாணச் சட்டம் தரும் பாதுகாப்பு வலுவானது. தமிழர்கள் கூடுதலாக வாழும் பார்க்-எக்ஸ்டென்ஷனிலும் கோட்-டெ-நேஜிலும் இதே சட்டம்தான். லீஸ் (வாடகை ஒப்பந்தம்) முடியும் நாளில் வீட்டைக் காலிசெய்ய வேண்டியதில்லை. அது தானாகப் புதுப்பிக்கப்படும். முன்பணம் என்று எதையும் வாங்க உரிமையாளருக்கு உரிமை இல்லை. முதல் மாத வாடகையை மட்டுமே முன்கூட்டிக் கேட்கலாம். பின்தேதியிட்ட காசோலைகளைக் கேட்டு வற்புறுத்தவும் முடியாது. ஆங்கிலமோ பிரெஞ்சோ சரளமாக வராத புதுக்குடியேறிகளிடம் இவை இரண்டையும் கேட்டுப் பெறுவது இன்றும் நடக்கிறது என்பது வருத்தத்துக்குரியது.

பெரும்பாலான லீஸ்கள் ஜூன் 30இல் முடிகின்றன. அதனால் ஜனவரி முதல் மார்ச் இறுதிக்குள் வாடகை உயர்வு அறிவிப்புக் கடிதங்கள் வந்து சேரும். குடியிருப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு: உயர்வை ஏற்பது, உயர்வை மறுத்துவிட்டு அதே வீட்டில் இருப்பது, காலிசெய்வது. இரண்டாவது வழி இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. மறுத்தால் வீடு பறிபோகும் என்று அஞ்சிக் கையெழுத்திடுகிறார்கள். உண்மையில், மறுப்பு வந்தபின் ஒரு மாதத்துக்குள் உரிமையாளர்தான் வாடகைத் தீர்ப்பாயத்தில் மனுப்போட வேண்டும். போடாவிட்டால் பழைய வாடகையே தொடரும். 2025இல் தீர்ப்பாயம் அறிவித்த அடிப்படை உயர்வு 5.9 சதவீதமாக இருந்தது. அந்தந்த ஆண்டுக்கு அறிவிக்கப்படும் அளவுக்கு மேல் கேட்கும் கடிதத்தைக் கேள்வி கேட்காமல் ஏற்கக் கூடாது.

பதில் தர ஒரு மாதமே அவகாசம். அதற்குள் எதுவும் சொல்லாவிட்டால் உயர்வை ஏற்றுக்கொண்டதாகவே பொருள். இங்கே மௌனம் சம்மதம். ஆனால் உரிமையாளர் தனக்கோ, தன் பெற்றோருக்கோ, பிள்ளைகளுக்கோ வீடு வேண்டும் என்று திருப்பிக் கேட்கும் அறிவிப்பில் நிலைமை நேர்மாறு. லீஸ் முடிய ஆறு மாதம் முன்பே அது வர வேண்டும். குடியிருப்பவர் பதிலே சொல்லாவிட்டால் மறுத்ததாகக் கொள்ளப்படும். நிறுவனத்தின் பெயரில் உள்ள கட்டடத்தில் இந்தக் காரணமே செல்லாது. 2024 ஜூனில் வந்த திருத்தம், 65 வயதை எட்டி, குறைந்த வருமானத்தில், பத்தாண்டுகளாக அதே வீட்டில் வாழ்பவரை வெளியேற்றுவதற்கு, சில விதிவிலக்குகளுடன், தடை போட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் வந்த இன்னொரு சட்டமோ, குடியிருப்பவர் தன் லீஸைப் பிறருக்கு மாற்றித் தருவதைத் தக்க காரணம் சொல்லாமலே மறுக்கும் உரிமையை உரிமையாளருக்குக் கொடுத்தது. குறைந்த வாடகை கைமாறி நிலைத்த வழி அதோடு அடைபட்டது. ஏழைக் குடும்பங்களுக்கு இது பெரிய இழப்பு.

வாடகை மூன்று வாரத்துக்கு மேல் தாமதமானால் வெளியேற்றும்படி தீர்ப்பாயத்திடம் உரிமையாளர் கேட்கலாம். தீர்ப்பு வருவதற்குள் பாக்கியையும் வட்டியையும் செலவுத்தொகையையும் கட்டிவிட்டால் வீடு தப்பும். கரப்பான், மூட்டைப்பூச்சி, சுவரில் பூஞ்சை என்று எந்தக் குறை இருந்தாலும் வாடகையைத் தாமாக நிறுத்திவைப்பது ஆபத்து. தேதியுடன் படம் எடுத்து, குறையை எழுத்தில் தெரிவித்து, பதிவுத்தபால் ரசீதைப் பத்திரப்படுத்தி, 311 என்ற எண்ணில் நகராட்சிப் பரிசோதகரைக் கேட்பதே முறை. வாடகைக் குறைப்பைத் தீர்ப்பாயத்தில் கேட்கலாம். 1980இல் தொடங்கியபோது அதன் பெயர் ரெஜி. 2020இல் பெயர் மாறியும் பலர் இன்னும் ரெஜி என்றே சொல்கிறார்கள். 1976 விளையாட்டு விழாவுக்காகக் கட்டிய ஒலிம்பிக் கிராமத்தின் பிரமிடுக் கட்டடத்தில் அதன் அலுவலகம் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்கள் அரசு சட்ட உதவி வக்கீலைக் கேட்கலாம்.

வாடகை வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் போகும் குடும்பத்துக்கு மாகாண அரசின் வீட்டுவாடகைப் படி உண்டு. விண்ணப்பிப்பவர் 50 வயதைத் தொட்டவராகவோ, பிள்ளை வளர்ப்பவராகவோ இருக்க வேண்டும். வருமான வரிக் கணக்கும் தாக்கல் செய்திருக்க வேண்டும். உரிமையாளர் ஆண்டுதோறும் பிப்ரவரி இறுதிக்குள் தரவேண்டிய ‘ரெலவே 31’ என்ற துண்டுச்சீட்டு, வேறொரு உதவியான ஒற்றுமை வரிச்சலுகையைப் பெறத் தேவை. பணத்தைக் கையில் கொடுத்து ரசீதில்லாமல் குடியிருப்பவர்கள் இதைக் கேட்டு வாங்கத் தயங்கி, தமக்கு உரிய தொகையை இழக்கிறார்கள்.

மாநகர வீட்டுவசதி அலுவலகத்தின் குறைந்த வாடகை வீட்டில் (ஆஷ்-எல்-எம்) வாடகை, வருமானத்தில் 25 சதவீதம். குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ வேண்டும். அகதிக் கோரிக்கையின் முடிவுக்காகக் காத்திருப்பவருக்கு இந்தக் கதவு திறக்காது. பட்டியலில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரும். ஆண்டுதோறும் வரும் புதுப்பிப்புக் கடிதத்துக்குப் பதில் அனுப்பாவிட்டால் இடம் பறிபோகும். ஆகவே முகவரி மாறியதும் அறிவித்துவிட வேண்டும்.

ஜூலை 1ஆம் தேதி வீடில்லாமல் நிற்கும் குடும்பம் 311ஐ அழைத்தால் இதே அலுவலகத்தின் உதவிப் பிரிவுக்கு அனுப்புவார்கள். தேடலில் துணை, தற்காலிகத் தங்குமிடம், தட்டுமுட்டுச் சாமான்களை வைக்கும் கிடங்கு ஆகியவை அங்கே கிடைக்கும். ஜூன் தொடக்கத்திலேயே அழைப்பது நல்லது. தீ விபத்தில் வீடு இழந்தவருக்கு முதலில் உதவுவது செஞ்சிலுவைச் சங்கம். எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாதவர் 211ஐ அழைக்கலாம். அருகிலுள்ள அமைப்பின் பெயரைச் சொல்வார்கள்.

மொன்ட்ரியால்-நோருக்கு இன்னொரு அனுபவமும் உண்டு. பெல்தியே அவென்யூவில் சீரழிந்து, குற்றக் கும்பல்களின் நடமாட்டத்துக்குப் பேர்போன கட்டடத் தொகுதியை ‘ஷாபெம்’ என்ற லாபநோக்கமற்ற வீட்டு நிறுவனம் வாங்கிச் சீரமைத்தது. ‘பரோல் தெக்ஸ்க்ளு’ என்ற அமைப்பு அங்கே குடியிருப்பவர்களைக் கூட்டி, அவர்களுக்கு என்ன தேவை என்பதை அவர்களே முடிவு செய்யும்படி பல ஆண்டுகள் உழைத்தது. ஏழைகள் வெளியேற்றப்படாமலே ஒரு தெரு மாற முடியும் என்பதற்கு இது கண்முன் நிற்கும் சான்று. இத்தகைய லாபநோக்கமற்ற கட்டடங்களிலும் கூட்டுறவு வீடுகளிலும் இடம் வேண்டுவோர் அந்தந்த அமைப்பிடமே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நகராட்சிப் பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் போதாது.