கடிதம் பூட்டியிருக்கிறது, உறை திறந்திருக்கிறது

ரமலான் நெருங்கும்போது ஜகாத் உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்கள் இப்போது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன. ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரி ரசீது, கணவரை இழந்த சகோதரியின் வங்கிப் புத்தகம் என எல்லாமே போட்டோவாக வருகின்றன. அவசரத்தில் சிலர் மஹல்லா குரூப்பிலேயே போட்டுவிடுகிறார்கள். இது பாதுகாப்பா, சிக்னலுக்கு மாற வேண்டுமா, பிள்ளைகள் சொல்லும் டோர் என்பது என்ன என்று பலரும் கேட்கிறார்கள். நாம் விளங்கிக்கொண்டதை எழுதுகிறோம்.

தபாலில் ஒரு கடிதம் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே எழுதியிருப்பது ஒன்று. உறையின் மேல் அனுப்புநர், பெறுநர், தபால் முத்திரைத் தேதி இருப்பது இன்னொன்று. செல்போன் செயலிகளில் பலவும் முதலாவதை மட்டுமே மறைக்கின்றன.

வாட்ஸ்அப் 2016 ஏப்ரல் முதல் எல்லாச் செய்திகளையும் அனுப்புபவர் போனில் பூட்டி, பெறுபவர் போனில் மட்டும் திறக்கிறது. நடுவில் உள்ள கம்பெனியால் படிக்க முடியாது. அந்தப் பூட்டைச் செய்தவர்கள் சிக்னல்காரர்கள்தான். வித்தியாசம் உறையில் இருக்கிறது. யார் யாரோடு, எப்போது, எந்தக் குரூப்பில் என்ற விவரங்கள் வாட்ஸ்அப்பிடம் சேர்கின்றன. சிக்னல் இவற்றை முடிந்தவரை வைத்துக்கொள்வதில்லை. 2016-ல் அமெரிக்க நீதிமன்ற ஆணை ஒன்று ஒரு கணக்கின் விவரங்களைக் கேட்டபோது, கணக்குத் தொடங்கிய நேரத்தையும் கடைசியாக இணைந்த நாளையும் மட்டுமே அவர்களால் கொடுக்க முடிந்தது. டெலிகிராம் ரகசியமானது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அதில் சாதாரண உரையாடலுக்கும் குரூப்புகளுக்கும் இந்த இருமுனைப் பூட்டே கிடையாது. 'சீக்ரெட் சாட்' என்று தனியாகத் திறந்தால்தான் உண்டு.

டோர் வேறு வகை. அது உறையை மறைக்கும் வேலை. 1990-களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பிறந்த யோசனை இது. இன்று உலகெங்கும் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளைக் கொடுத்து நடத்துகிறார்கள். நீங்கள் ஒரு இணையதளத்தைத் திறந்தால், அந்தக் கோரிக்கை வெங்காயத் தோல்போல மூன்று அடுக்குப் பூட்டோடு மூன்று கணினிகள் வழியாகப் போகும். முதல் கணினிக்கு உங்களைத் தெரியும், போகும் இடம் தெரியாது. கடைசிக் கணினிக்கு இடம் தெரியும், உங்களைத் தெரியாது. ஐ2பி என்பதும் இதே வழி. ஆனால் அது தனக்குள்ளேயே இயங்கும் தளங்களுக்கானது. பிரையர் என்ற செயலிக்கு நடுவில் சர்வரே இல்லை. டோர் வழியாகவும், நெட் இல்லாதபோது பக்கத்தில் இருப்பவரோடு புளூடூத்திலும் பேசும்.

இவற்றுக்கும் குறை உண்டு. டோர் மெதுவாக ஓடும். இரு முனைகளையும் ஒருசேரக் கவனிப்பவர் நேரத்தை ஒப்பிட்டு ஊகிக்கலாம். டோரில் போய் சொந்தப் பெயரில் லாகின் செய்தால் மறைத்தது எதற்கு? டோரைப் பயன்படுத்துவதே குற்றம் என்று நம் நாட்டில் சட்டம் இல்லை. ஆனால் 2023 மே மாதம், காஷ்மீரில் தீவிரவாதிகள் பயன்படுத்துவதாகக் கூறி மத்திய அரசு முடக்கிய 14 செயலிகளில் பிரையரும் இருந்தது. நம் குடும்பத் தேவைக்கு அது அவசியமும் இல்லை.

இந்த விவாதத்தின் ஒரு பெரிய அத்தியாயம் நம் சென்னையிலேயே நடந்தது. இணையத்தில் அவதூறு பரப்புவோரைக் கண்டுபிடிக்க, சமூக ஊடகக் கணக்குகளோடு ஆதாரை இணைக்க வேண்டும் என்று 2018-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனு வந்தது. வழக்கு போகப் போக, வாட்ஸ்அப் செய்தியை முதலில் அனுப்பியவரைக் காட்ட முடியுமா என்ற கேள்வியாக மாறியது. முடியும், செய்தியோடு அனுப்பியவர் அடையாளத்தையும் சேர்த்துவிடலாம் என்றார் ஐஐடி பேராசிரியர் காமகோடி. பூட்டு பலவீனமாகிவிடும் என்று வாட்ஸ்அப் எதிர்த்தது. 2019 அக்டோபரில் வழக்கை உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது. பிறகு 2021 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் விதிகள், 50 லட்சத்துக்கு மேல் பயனாளர் உள்ள செய்திச் செயலிகள், உரிய உத்தரவு வந்தால் முதலில் அனுப்பியவரைச் சொல்ல வேண்டும் என்றன. அதை எதிர்த்து வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றம் சென்றது.

பெண்பிள்ளைகளின் படத்தைத் திரித்துப் பரப்புகிறவனைப் பிடிக்க வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் வேறு எங்கோ பார்த்ததை நகலெடுத்து ஒட்டிய பையன்தான் 'முதலில் அனுப்பியவன்' என்று காட்டப்படுவான் என்ற கவலையும் நியாயமானது. ஃபார்வர்டு செய்யும் விரல் இதை யோசிக்க வேண்டும்.

இனி நடைமுறை. எந்தப் பூட்டும் குரூப்பில் உள்ள 200 பேரின் கண்ணை மறைக்காது. ஒருவர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் கதை முடிந்தது. உதவி கேட்பவரின் கண்ணியம் நம் கையில் உள்ள அமானிதம். ஆகவே மனுவையோ மருத்துவச் சீட்டையோ குரூப்பில் போடாதீர்கள். அறக்கட்டளை எண்ணுக்குத் தனியாக அனுப்புங்கள், அல்லது அலுவலகத்தில் நேரில் கொடுங்கள். ஆதார் நகலுக்கு, கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' அரசுத் தளத்திலேயே கிடைக்கிறது. அது நமக்குப் போதும். வாட்ஸ்அப் பேக்கப்புக்குத் தனியே பூட்டு உண்டு, அதை நீங்களே செட்டிங்ஸில் போட வேண்டும். சிக்னலில் செய்தி சில நாளில் தானே அழியும்படி வைக்கலாம்; விருப்பமுள்ளவர்கள் அதில் அனுப்பினாலும் பெற்றுக்கொள்கிறோம். பரிசீலனை முடிந்ததும் எங்கள் போனில் உள்ள படங்களை அழித்துவிடுகிறோம். அனுப்பியவர்களும் தங்கள் கேலரியில் அழித்துவிடுங்கள்.