பச்சை தெரிந்தால் காடு திரும்பிவிட்டதா?

காட்டுத்தீ பற்றிய எங்கள் நிகழ்ச்சியின் முடிவில் ஒரு நேயர், "மேரிஸ்வில் பக்கம் போய் வந்தனாங்கள், எல்லாம் பச்சையாக் கிடக்கு. காடு திரும்பி வந்திட்டுது தானே?" என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. செய்மதியை வைத்து ஆராய்பவர்களும் இதே கேள்வியோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

2009 பெப்ரவரி 7, கறுப்புச் சனி அன்று விக்ரோறியாவில் 173 பேர் உயிரிழந்தார்கள். அந்தத் தீக்களில் ஏறத்தாழ 450,000 ஹெக்டேர் எரிந்தது. இவ்வளவு நிலத்தையும் ஆள்விட்டு அளக்க முடியாது. அமெரிக்காவின் லான்ட்சாட் செய்மதிகள் 1972 முதல் பூமியைப் படமெடுத்து வருகின்றன. 2008 இலிருந்து அந்தப் படங்கள் எவருக்கும் இலவசம். 2015 இல் ஐரோப்பாவின் சென்டினல்-2 உம் சேர்ந்துகொண்டது.

லான்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி என்பது 30 மீற்றருக்கு 30 மீற்றர் நிலம், ஏறக்குறைய மூன்றரைப் பரப்புக் காணி என்று ஊர்க் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு அகச்சிவப்புக் கதிர்களை ஒப்பிடுகிறார்கள். உயிருள்ள இலை ஒன்றை நன்றாகத் திருப்பி அனுப்பும். மற்றதை இலையிலுள்ள நீர் உறிஞ்சிக்கொள்ளும். எரிந்த நிலத்தில் இது தலைகீழாகிறது. இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து ஓர் எண்ணை எடுப்பார்கள். தீக்கு முந்திய எண்ணிலிருந்து பிந்தியதைக் கழித்தால் தீயின் கடுமை தெரியும். ஆண்டுதோறும் கணக்கிட்டு வந்தால் மீட்சி தெரியும். ஆரம்ப மீதி, இறுதி மீதி போடும் எங்கள் தொழில் மாதிரித்தான். ஒரே பருவத்துப் படங்களை ஒப்பிடவேண்டும், இல்லாவிட்டால் கணக்குப் பிழைத்துவிடும்.

சிக்கல் எங்கே என்றால், இந்த எண் இலையை அறியும், மரத்தை அறியாது. சாம்பலில் முந்திக்கொண்டு வருபவை புல்லும் பன்னமும் வாட்டில் செடியும். அவையும் பச்சைதான். ஆகவே சில ஆண்டுகளிலேயே எண் பழைய அளவை நெருங்கிவிடும். வங்கிக் கூற்றில் மீதி சரியாக இருக்கலாம். அது உழைத்த காசா கடன் வாங்கிய காசா என்பதை மீதி சொல்லாது.

பெரும்பாலான யூக்கலிப்டஸ் மரங்கள் கருகினாலும் தண்டிலிருந்து துளிர்க்கும். மேரிஸ்வில்லைச் சுற்றியுள்ள மவுண்டன் ஆஷ் அப்படியல்ல. 90 மீற்றர் வரையும் அதற்கு மேலும் வளரக்கூடிய இந்த மரம் கடும் தீயில் செத்துவிடும். உச்சிக் காய்களிலிருந்து விழும் விதைதான் அடுத்த தலைமுறை. அந்தக் கன்று தானும் விதை தர 15 முதல் 20 ஆண்டுகள் எடுக்கும். அதற்குள் இன்னொரு தீ வந்தால் முளைக்க விதையே இல்லை. இதன் உறவான அல்பைன் ஆஷ் காடுகளில் 2003 இலும் 2006-07 இலும் அடுத்தடுத்து தீ வந்தபோது சில இடங்களில் இதுதான் நடந்தது. 2019-20 தீக்குப் பிறகு ஹெலிகொப்டரிலிருந்து விதை தூவ வேண்டியதாயிற்று. ஆகவே நேயருக்கு என் பதில்: கன்றுகள் வந்திருக்கின்றன, ஆனால் 2009 இல் முளைத்தவை இப்போதுதான் விதை தரும் வயதுக்கு வருகின்றன.

பச்சையோடு உயரத்தையும் அளக்க லேசர் உதவுகிறது. மர உச்சியில் பட்ட ஒளி முதலில் திரும்பும், நிலத்தில் பட்டது சற்றுப் பிந்தித் திரும்பும். அந்த இடைவெளிதான் மரத்தின் உயரம். விமானத்திலிருந்து இதைச் செய்கிறார்கள். 2018 டிசெம்பரில் விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்ட கெடி என்ற கருவியும் இதற்காகவே செய்யப்பட்டது. என்றாலும் நிற்பது ஆஷா வாட்டிலா என்று உறுதிசெய்ய ஆள் இறங்கி நடக்கத்தான் வேண்டும்.

மெல்பேர்ணில் இருக்கும் எங்களுக்கு இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. எங்கள் குடிநீரில் பெரும்பகுதி இந்த மலைக்காடுகளிலிருந்து வருகிறது. இளங்காடு முதிர்ந்த காட்டைவிட அதிகம் தண்ணீர் குடிக்கும். 1939 தீக்குப் பிந்திய அளவீடுகளின்படி, தீ நடந்து 20, 30 ஆண்டுகளில் நீரோட்டம் அரைவாசி வரைகூடக் குறையலாம். பழைய நிலைக்கு வர நூறாண்டுக்கு மேலும் ஆகலாம்.