அடுப்படியிலே பிறந்த ஆராய்ச்சி!

"அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு?" என்று கேட்டுப் பழகிய நாக்குகள் இந்த நாட்டிலே மட்டும்தான் இருந்தன என்று எண்ணிவிட வேண்டாம். கல்விக்கும் கைத்தொழிலுக்கும் பேர்போன ஜெர்மனியிலேயும் இருந்தன. அங்கே விதிகளும் அந்த நாக்குகளுக்குத் துணை நின்றன. பல்கலைக் கழகத்து வாயில் ஆணுக்குத் திறக்கும், பெண்ணுக்கு மூடும். பாடன் பகுதியிலே 1900-லும், பிரஷ்யாவிலே 1908-லும்தான் அந்தத் தாழ்ப்பாள் விலகிற்று.

தாழ்ப்பாள் விலகாத அந்த நாளிலே, பிரவுன்ஷ்வைக் நகரத்திலே ஒரு பெண் இருந்தார். பெயர் ஆக்னஸ் போக்கெல்ஸ். 1862-ல் பிறந்தவர். பள்ளியிலே படிக்கும்போதே பௌதிகத்தின் மீது தணியாத ஆவல். ஆனால் பள்ளியோடு படிப்பு முடிந்தது. தம்பி பிரெடரிக், கோட்டிங்கன் பல்கலைக் கழகத்துக்குப் போனார். அக்காள் அடுப்படிக்குப் போனார்! நோயுற்ற பெற்றோருக்குப் பணிவிடை, வீட்டுக்குச் சமையல், பாத்திரங்களுக்குத் தேய்ப்பு என்று நாட்கள் நகர்ந்தன. தம்பி அனுப்பிய புத்தகங்கள்தான் அவருக்குப் பல்கலைக் கழகம்!

பாத்திரம் கழுவும் தண்ணீரிலே எண்ணெய்ப் பிசுக்கு மிதக்கிறது. கோடானுகோடிப் பேர் கண்ட காட்சிதான். கண்டவர்கள் கொட்டிவிட்டுப் போனார்கள். ஆக்னஸ் கேட்டார்: பிசுக்குப் படிந்ததும் தண்ணீரின் மேற்பரப்பு ஏன் மாறுகிறது? எவ்வளவு மாறுகிறது? அதை அளக்க முடியுமா?

அளந்தார்! ஏறத்தாழ 70 செண்டிமீட்டர் நீளம், 5 செண்டிமீட்டர் அகலம் கொண்ட ஒரு தகரத் தொட்டி. விளிம்புவரை தண்ணீர். தண்ணீர்ப் பரப்பைக் குறுக்கே பிரிக்க ஒரு தகரத் துண்டு. அதை முன்னே தள்ளினால் பரப்புச் சுருங்கும். பின்னே இழுத்தால் விரியும். மேற்பரப்பிலே ஒட்டிக் கிடக்கும் ஒரு சிறு பொத்தான். அதைத் தூக்கியெடுக்க எவ்வளவு எடை வேண்டும் என்று காட்ட மருந்துக் கடைத் தராசு போன்ற ஒரு சிறு தராசு. இவ்வளவுதான் அவருடைய ஆராய்ச்சிக் கூடம்! இதைக் கொண்டு, தண்ணீர் தன் மேற்பரப்பை இழுத்துச் சுருக்கப் பார்க்கும் விசையை, பரப்பு இழுவிசையை, அளந்து காட்டினார். அப்போது அவருக்கு வயது இருபதை ஒட்டி!

1891 சனவரியிலே, இதே துறையில் ஆராய்ந்துகொண்டிருந்த இங்கிலாந்து விஞ்ஞானி ரேலி பிரபுவுக்கு ஜெர்மன் மொழியிலே ஒரு கடிதம் எழுதினார். ரேலியின் துணைவியார் அதை ஆங்கிலத்திலே பெயர்த்தார். படித்த ரேலி, பட்டம் எங்கே என்று கேட்கவில்லை. பாலினம் என்ன என்று பார்க்கவில்லை. 'நேச்சர்' இதழுக்கு அனுப்பி, வெளியிடுமாறு வேண்டினார். அதே ஆண்டு மார்ச்சு 12-ல் அது அச்சேறிற்று.

"போகட்டும், எண்ணெய்ப் பிசுக்கை அளந்ததால் யாருக்கு என்ன பயன்?" என்று கேட்போர் இருப்பார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்லுகிறோம்.

கோழி முட்டையின் வெள்ளைக் கருவை அடித்தால் நுரைத்து நிற்கிறதே, ஏன்? அதிலே இருப்பது புரதம். ஒவ்வொரு புரத மூலக்கூறும் சுருட்டி வைத்த நூற்கண்டு போன்றது. தண்ணீரை வெறுக்கும் பகுதிகளைப் பெரும்பாலும் உள்ளே மறைத்து வைத்திருக்கும். காற்றும் தண்ணீரும் சந்திக்கும் இடத்துக்கு வந்ததும் கண்டு அவிழ்கிறது. தண்ணீரை வெறுக்கும் பகுதி காற்றின் பக்கம் திரும்புகிறது. பக்கத்துப் புரதத்தோடு பின்னிக்கொண்டு மெல்லிய ஆடையாகிறது. அந்த ஆடைதான் நுரையைத் தாங்குகிறது. இப்படிப்பட்ட ஆடைகளை ஆராய்வோருக்கு இன்றும் கைகொடுக்கும் கருவி எது? அந்தத் தொட்டி, அந்த நகரும் தகடு!

நுரை போகட்டும், நுரையீரலுக்கு வருவோம். நம் நுரையீரலிலே கோடிக்கணக்கான நுண்ணறைகள். ஒவ்வொன்றின் உட்புறத்திலும் ஈரப்படலம். தண்ணீருக்கே உரிய இழுவிசை தடையின்றி வேலை செய்தால், மூச்சை வெளியே விடும்போது அறைகள் ஒட்டிச் சுருங்கிவிடும். சுருங்காமல் காப்பது, அங்கே ஊறும் ஒரு கசிவு. பத்திலே ஒன்பது பங்கு கொழுப்பு. ஒரு பங்கு புரதம். சர்ஃபாக்டன்ட் என்பர் மருத்துவர். கருவிலே இறுதி வாரங்களில்தான் இது போதிய அளவு ஊறும். முன்கூட்டிப் பிறந்த பிள்ளைக்கு அது போதாது. ஒவ்வொரு மூச்சும் அதற்குப் போராட்டம்!

1957-ல் ஜான் கிளமெண்ட்ஸ், நுரையீரற் சாற்றைத் தொட்டியிலே இட்டு, பரப்பைச் சுருக்கி அளந்தார். இழுவிசை வெகுவாகக் குறையக் கண்டார். 1959-ல் மேரி எல்லன் ஏவரி என்ற பெண் மருத்துவர், மூச்சுத் திணறி மாண்ட பச்சிளங் குழந்தைகளின் நுரையீரலில் இந்தக் கசிவே குறை என்று காட்டினார். காரணம் தெரிந்தது; மருந்து கிட்டவில்லை. 1963 ஆகஸ்டிலே அமெரிக்கத் தலைவர் கென்னடியின் மகன் பேட்ரிக் இதே நோயால் இரண்டு நாளிலே இறந்தான். வல்லரசின் தலைவர், வாசலிலே மருத்துவர் படை, ஆயினும் பிள்ளைக்கு மூச்சு இல்லை! பதவி என்ன செய்யும்? பணம் என்ன செய்யும்? அறிவு வந்து சேராத இடத்திலே அரண்மனையும் குடிசையும் ஒன்றுதான்!

1960-களிலே கொழுப்பை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. கொழுப்பு விரைந்து பரவ வேண்டும். மூச்சுக்கு மூச்சு விரிந்து சுருங்க வேண்டும். அதற்குத் துணை நிற்பது புரதம். அதிலே 'பி' எனப்படும் ஒரு புரதம் பிறவியிலேயே இல்லாத குழந்தை, வேறு நுரையீரல் பொருத்தினாலன்றிப் பிழைப்பது அரிது. பத்திலே ஒரு பங்குதான். அந்த ஒரு பங்குக்குள்ளேதான் இத்தனை பொறுப்பு! 1980-ல் ஜப்பானிய மருத்துவர் புஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து பக்குவப்படுத்திய கசிவைப் பத்துக் குழந்தைகளின் மூச்சுக் குழலிலே செலுத்தினார். மூச்சு சீரடைந்தது. 1990-களுக்குள் உலகெங்கும் அது மருத்துவமாயிற்று.

தகரத் தொட்டியை வளர்த்தெடுத்த அமெரிக்கர் லாங்மூருக்கு 1932-ல் நோபல் பரிசு. தகுதியான பரிசு, குறை சொல்லவில்லை. அதே 1932-ல்தான் ஆக்னஸ் அம்மையாருக்குப் பிரவுன்ஷ்வைக் உயர் தொழிற்கல்லூரி கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. வயது எழுபது! மூன்றாண்டுகளிலே, 1935-ல், மறைந்தார். கருவியோ நெடுங்காலம் லாங்மூர் தொட்டி என்றே அழைக்கப்பட்டது.

இருபதிலே கதவைச் சாத்திவிட்டு, எழுபதிலே மாலை சூட்டுவதா மரியாதை? நாம் கேட்பது இதுதான். ஒரு ஆக்னஸ், தம்பியின் புத்தகங்களாலும் ஒரு ரேலியின் நேர்மையாலும் வெளிச்சத்துக்கு வந்தார். தம்பியும் வாய்க்காமல், ரேலியும் கிடைக்காமல், கழுவிய தண்ணீரோடு கொட்டப்பட்ட கேள்விகள் எத்தனை? அந்தக் கேள்விகளுக்குள்ளே எத்தனை பிள்ளைகளின் மூச்சு இருந்தது?

பெண்ணின் படிப்பை நிறுத்தலாமா என்று யோசிக்கும் வீடுகள், முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்!