கையில் இரண்டு ராணிகள்

அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் இன்று பெரும்பாலோர் விரும்பி ஆடும் நோ லிமிட் ஹோல்டம் என்ற போக்கர் ஆட்டத்தில், ஒவ்வொருவருக்கும் மறைவாக இரண்டு சீட்டுகள் தரப்பட்டு, எல்லோருக்கும் பொதுவாக மேஜை நடுவில் முதலில் ஃப்ளாப் எனப்படும் மூன்றும், பின்னர் டர்ன் என்ற ஒன்றும், இறுதியில் ரிவர் என்ற ஒன்றுமாக ஐந்து சீட்டுகள் திறக்கப்படுகின்றன. இந்த ஏழிலிருந்து தேறுகிற சிறந்த ஐந்தைக்கொண்டே வெற்றி நிர்ணயமாகிறது. எந்தக் கட்டத்திலும் தம் முன்னால் இருக்கும் சிப்புகள் அனைத்தையும் ஒருவர் பந்தயமாகத் தள்ளிவிடலாம் என்பதே இவ்வாட்டத்தின் விசேஷமும் பயங்கரமும். ஒருவர் கையிலுள்ள ஜோடி, ஃப்ளாப்பில் விழுந்த மூன்று சீட்டுகளையும்விட உயர்ந்ததாக அமைந்தால் அதை ஓவர்பேர் என்பார்கள்: கையில் இரண்டு ராணி, மேஜையில் ஜாக்கி, எட்டு, ஐந்து என்பதுபோல.

மோசமான சீட்டுகளால் கெட்டவர்களைக் காட்டிலும் இந்த ஓவர்பேரினால் கெட்டவர்களே அதிகம் என்பது என் திடமான அபிப்பிராயம். ஏஸ் ஜோடி ஒருவருக்குச் சராசரியாக 221 ஆட்டங்களுக்கு ஒரு தடவைதான் வரும். மனிதர் கையால் கலைத்துப் போடும் மேஜையிலோ மணிக்கு 30 ஆட்டங்கள் நடந்தாலே அதிகம். ஆகவே ஏழு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால்தான் அது ஒரு முறை கிட்டும் என்று கணக்காகிறது. ஏஸ், ராஜா, ராணி ஆகிய மூன்று ஜோடிகளையும் சேர்த்துக்கொண்டாலும் ஏறக்குறைய 74 ஆட்டங்களுக்கு ஒன்றுதான். இவ்வளவு நேரம் சீட்டுகளைக் கவிழ்த்துக் கவிழ்த்துச் சலித்துப்போன மனத்துக்கு, கடைசியில் வந்து சேர்ந்த ராணிகள் நியாயமாகத் தனக்குச் சேரவேண்டிய பாக்கிபோலத் தோன்றுகின்றன. அந்த வேளையில் எதிரே ஒருவர் துணிந்து பந்தயத்தை உயர்த்தினால், அதை ஒரு செய்தியாகக் கொள்ளாமல் ஓர் அவமதிப்பாகக் கொண்டு, ஆத்திரத்தோடு திருப்பி உயர்த்துவது மனித சுபாவமாகிறது. ஆனால் எத்தனை உயர்ந்ததானாலும் அது ஒரே ஒரு ஜோடிதான். இரண்டு ஜோடி, மூன்று ஒரே சீட்டு, வரிசை, ஒரே இனத்து ஐந்து என எல்லாமே அதை வென்றுவிடும்.

2003-ஆம் ஆண்டு மே மாதம் லாஸ் வேகாஸில் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ விடுதியில் நடந்த உலகப் போக்கர் போட்டியின் இறுதிக் கட்டத்தை இதற்குச் சாட்சியாகச் சொல்லலாம். 839 பேரில் எஞ்சிய இருவர், டென்னஸியைச் சேர்ந்த கணக்கர் கிறிஸ் மணிமேக்கரும், அனுபவம் மிக்க தொழில்முறை ஆட்டக்காரரான சாமி ஃபார்ஹாவும். ஓர் ஆட்டத்தில் மேஜையிலுள்ள மிக உயர்ந்த சீட்டான ஒன்பதோடு பொருந்திய ஜோடி ஃபார்ஹாவிடம் இருக்க, வரிசையும் அமையாமல் இனமும் சேராமல் வெறும் ராஜாவோடு நின்ற மணிமேக்கர், ரிவரில் தம் சிப்புகள் எல்லாவற்றையும் தள்ளினார். நெடுநேரம் யோசித்த ஃபார்ஹா சீட்டைக் கவிழ்த்துவிட்டார். சற்று நேரத்துக்குப் பின் ஜாக்கி, ஐந்து, நான்கு என்று ஃப்ளாப் விழுந்தபோது, ஜாக்கி ஜோடியை நம்பி ஃபார்ஹா அனைத்தையும் உள்ளே வைத்தார். மணிமேக்கரிடம் இருந்ததோ ஐந்தும் நான்குமாக இரண்டு ஜோடி. இருபத்தைந்து லட்சம் டாலர் அத்துடன் தீர்மானமாயிற்று. இவை ஓவர்பேர்கள் அல்லவெனினும் அதே வம்சத்தைச் சேர்ந்த ஒற்றை ஜோடிகள். ஒரு தடவை விடக்கூடாத இடத்தில் விடப்பட்டது, மறு தடவை அடங்கியிருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் பணயமாயிற்று. என்ன செய்வது என்பதற்கு விடை நம் சீட்டில் இல்லை. எதிராளி இதே மாதிரி எத்தனை விதமான சீட்டுகளோடு பந்தயம் வைப்பார் என்பதில்தான் இருக்கிறது.

இதைக் கணக்காகவே பார்ப்போம். கட்டாயப் பந்தயம் 2 டாலரும் 5 டாலருமான ஒரு மேஜையில், 500 டாலர் வைத்திருக்கும் நாம் ராணி ஜோடியோடு 20 டாலர் வைக்க, 5 டாலர் கட்டியிருந்த, எதற்கும் துணிந்து பந்தயத்தை உயர்த்தும் ஆவேசக்காரர் ஒருவர் மட்டும் அதை ஏற்கிறார். நடுப்பணம் 42 டாலர். ஃப்ளாப்பில் இஸ்பேட் ஜாக்கி, இஸ்பேட் எட்டு, டைமன் ஐந்து. அவர் பந்தயம் வைக்காமல் செக் சொல்ல, நாம் 30 வைக்க, அவர் அதை 100 ஆக உயர்த்துகிறார். நாம் இன்னும் போடவேண்டியது 70. போட்டால் மொத்தம் 242 ஆகும். ஆகவே நூற்றுக்கு 29 தடவை வென்றாலே கட்டுப்படியாகும். இப்போது அவர் கையை எண்ணிப் பாருங்கள். எட்டு ஜோடியும் ஐந்து ஜோடியும் சேர்ந்து 6 வகை, ஜாக்கி-எட்டு 9 வகை. நம்மை வெல்லக்கூடியவற்றில் முக்கியமானவை இந்தப் பதினைந்தே. மறுபுறம், வரிசைக்குக் காத்திருக்கும் பத்து-ஒன்பது 16 வகை, ஏழு-ஆறு 16 வகை, ஏஸ்-ஜாக்கியும் ராஜா-ஜாக்கியும் 24 வகை, இவற்றுக்கு மேல் இரண்டு இஸ்பேட் வைத்திருக்கும் கைகள் வேறு. அடக்கமான மனிதர் இந்தப் பின்னவற்றை உயர்த்தமாட்டார். ஆவேசக்காரர் தாராளமாக உயர்த்துவார்.

இந்நிலையில் நாம் 300-க்குத் திருப்பி உயர்த்தினால் நடப்பது என்ன? பலவீனமானவை பெரும்பாலும் கவிழ்ந்துபோக, நம்மை வெல்லும் பதினைந்து வகைகளும், சிறந்த சில எதிர்பார்ப்புக் கைகளும் மாத்திரமே மேஜையில் தங்கும். மூன்று எட்டோ மூன்று ஐந்தோ அவரிடம் இருந்துவிட்டால் நமக்கு மீட்சி நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு தடவைதான். வெறுமனே 70 டாலரை ஏற்றுக்கொண்டாலோ, பொய்ப் பந்தயம் வைக்கும் அவருடைய சுதந்திரம் அப்படியே இருக்கிறது. டர்னிலும் அவர் பந்தயம் வைத்துச் சுடுவார், சில வேளை ரிவரிலும் சுடுவார். பட்டத்துக்கு நூல் விடுவதுபோல அவருடைய உத்வேகத்துக்கு இடம் கொடுத்துக் காத்திருப்பதே இங்கே சாமர்த்தியம். ‘மூன்றாவது இஸ்பேட் விழுந்துவிட்டால்?’ என்ற பயம் நியாயமானதுதான்; ஆனால் இஸ்பேடுக்குக் காத்திருப்பவர் இரண்டு சீட்டுகளையும் பார்த்தால்கூட நூற்றுக்கு 35 தடவைதான் வெல்கிறார், டர்ன் ஒன்றில் மட்டுமானால் ஐந்தில் நான்கு தடவை தவறிவிடுகிறார். அந்தச் சொற்ப அபாயத்தை ஏற்றுக்கொள்ள மனம் ஒப்பாதவர்கள்தாம் பெரிய நஷ்டத்தை வாங்கிக்கொள்கிறார்கள்.

இந்தப் பொறுமை எங்கும் பொருந்தும் என்று நினைத்துவிடலாகாது. மேலே சொன்ன கதையில் நடுப்பணம் 42, நம்மிடம் மிஞ்சியது 480. பதினொரு மடங்குக்கு மேல். ஃப்ளாப்புக்கு முன்பே ஏற்றமும் மறு ஏற்றமும் நிகழ்ந்து, இருவரும் 60 டாலர் போட்டிருந்தால் நடுப்பணம் 122 ஆகி, மிஞ்சும் 440 அதன் மூன்றரை மடங்காகவே இருக்கும். 2007-இல் மாட் ஃப்ளின், சன்னி மேத்தா, எட் மில்லர் ஆகிய மூவரும் எழுதிய நூல் இந்த விகிதத்தை விளக்கமாக எடுத்துச் சொன்னது. மூன்றரை மடங்கில் ஆவேசக்காரரை எதிர்த்து ராணிகளோடு முழுவதும் உள்ளே போவதில் தயக்கம் வேண்டியதில்லை. அவர் அங்கே மூன்று ஐந்தைக் காட்டினால் அது துரதிர்ஷ்டமே தவிரப் பிழையன்று. பதினொரு மடங்கிலோ விஷயமே வேறு.

ஆவேசக்காரரிலும் பேதங்கள் உண்டு. ஃப்ளாப்பில் மட்டும் சீறிவிட்டு டர்னில் அடங்குகிறவர் ஒருவர்; மூன்று கட்டங்களிலும் விடாமல் சுடுகிறவர் இன்னொருவர்; இரண்டு கட்டங்கள் பேசாமல் ஏற்றுக்கொண்டே வந்து ரிவரில் திடீரென்று உயர்த்துகிறவர் மூன்றாமவர். இந்த மூன்றாம் விதமான உயர்வு, எத்தனை பெரிய பொய்யரிடமிருந்து வந்தாலும், நேரில் அமர்ந்து ஆடும் மேஜைகளில் பெரும்பாலும் உண்மையானது. ராணிகளை அங்கே கவிழ்த்துவிடலாம். இவர்களைப் பிரித்தறிய வழி, நாம் ஆடாத ஆட்டங்களிலும் கடைசியில் திறந்து காட்டப்படும் சீட்டுகளை விடாமல் கவனித்து, அவற்றோடு அவர் முன்கட்டங்களில் எவ்வளவு வைத்தார் என்பதை நினைவில் இருத்திக்கொள்வது. பந்தயம் இடப்பக்கமாகவே சுற்றிவருவதால், ஆவேசக்காரருக்கு அடுத்த இடது நாற்காலி காலியானவுடன் அதைக் கேட்டுப் பெற்றுக்கொண்டால், அநேகமாக எல்லா ஆட்டங்களிலும் அவர் செய்வதைப் பார்த்துவிட்டு நாம் தீர்மானிக்கும் வசதி கிடைக்கிறது.