மடிக்கு ஏன் இரண்டு மாத ஓய்வு?

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் மழை பொய்த்து மானாவாரிப் பருத்தி கைவிட்டாலும் கறவை மாடு கைகொடுக்கும். அதனால் சினை மாட்டைக் கன்று ஈனும் வரை கறப்பவர்களும் உண்டு. "பால் சுரக்குதே, ஏன் விடணும்?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

மாட்டின் மூளைக்கு அடியில், சின்ன வெங்காயம் அளவில் பிட்யூட்டரி என்ற சுரப்பி இருக்கிறது. அதிலுள்ள ஒரு வகை அணுக்கள் புரோலாக்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது இரத்தத்தோடு மடிக்குப் போய், பால் உண்டாக்கும் அணுக்களை வளர்க்கிறது.

அந்தப் பிட்யூட்டரி அணுக்களை அடக்கி ஆள்வதும் ஹார்மோன்கள்தான். ஈஸ்ட்ரோஜன் 'பெருகு' என்கிறது. மூளையிலிருந்து வரும் டோபமைன் 'போதும்' என்கிறது. எலிகளுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தபோது சுரப்பி பருத்தது. நிறுத்தியதும் மிகுதியான அணுக்கள் மடிந்து சிறுத்தது.

இந்த மடிவு நோயல்ல. பருத்திச் செடி பழுத்த இலையைத் தானே உதிர்க்கிற மாதிரிதான். 1972இல் இதற்குப் பெயர் வைத்த கெர், வில்லி, கரி என்ற விஞ்ஞானிகளும், இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையே எடுத்து 'அப்போப்டோசிஸ்' என்றார்கள்.

மடியிலும் இதே கதைதான். கறவையை நிறுத்தினால் களைத்த அணுக்கள் உதிரும், புது அணுக்கள் துளிர்க்கும். அதற்குச் சுமார் 60 நாள் வேணும். ஓய்வே கொடுக்காவிட்டால் அடுத்த ஈத்தில் பால் ஐந்தில் ஒரு பங்கோ, அதற்கு மேலோ குறையும். சீம்பாலும் தரம் குறையும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கடைசி 60 நாளில் தினம் 3 லிட்டர் என்றால் 180 லிட்டர் கிடைக்கும். அடுத்த ஈத்தில் தினம் 2 லிட்டர் குறைந்தால், 300 நாளில் 600 லிட்டர் போச்சு!

சினை ஊசி போட்ட தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள். பசுவுக்கு 7 மாதம், எருமைக்கு 8 மாதம் முடிந்ததும் கறவையை நிறுத்துங்கள். அதற்கு முந்தின வாரமே அடர்தீவனத்தைக் குறையுங்கள். தண்ணீரைக் குறைக்க வேண்டாம். கடைசிக் கறவைக்குப் பின் காம்பில் மருந்து ஏற்றுவது பற்றிக் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். மடி சில நாள் கனத்துப் பிறகு தானே வற்றும், பயந்துபோய்க் கறக்காதீர்கள். மடி சிவந்து, சூடாகி வலி கண்டால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆக்சிடோசின் ஊசியை நம்பாதீர்கள். அது மடியில் இருக்கும் பாலை இறக்குமே தவிர, புது அணுவைத் துளிர்க்க வைக்காது. அந்த வேலையை ஓய்வுதான் செய்யும்.