தூரமா, துல்லியமா? கோல்ஃப் மட்டை வாங்குவோர் கவனத்திற்கு

வேலை ஓய்வு பெற்ற ஒருவர், சேமநிதிப் பணத்திலிருந்து சில ஆயிரம் ரிங்கிட்டை எடுத்துக்கொண்டு கோல்ஃப் கடைக்குள் நுழைகிறார் என்று வைத்துக்கொள்வோம். இருபது ஆண்டுகளாகப் பயன்படுத்திய பழைய மட்டைகளை மாற்ற வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கடைக்காரர் புதிய 7ஆம் எண் இரும்பு மட்டை ஒன்றைக் கையில் கொடுத்து அடிக்கச் சொல்கிறார். எதிரே உள்ள கணினித் திரையில் எண்கள் ஓடுகின்றன. "அங்கிள், உங்க பழைய மட்டையைவிட 15 மீட்டர் கூடுதலாப் போகுது, பாருங்க!" என்கிறார் கடைக்காரர். பெரியவருக்குத் தலைகால் புரியவில்லை. பணத்தை எண்ணி வைத்துவிட்டு வீடு திரும்புகிறார்.

அடுத்த வாரம் திடலில் நடப்பது வேறு கதை. ஒரு பந்து கிரீனைத் தாண்டிப் புதருக்குள் போகிறது. இன்னொன்று முன்னால் உள்ள குளத்தில் விழுகிறது. மற்றொன்று கிரீனில் விழுந்தும் நிற்காமல் உருண்டோடி மணற்குழியில் அடைக்கலம் புகுகிறது. மட்டை புதிது, தூரமும் கூடியிருக்கிறது. ஆனால் கணக்கு அட்டையில் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை. ஏன் இப்படி?

எண் ஒன்றுதான், மட்டை வேறு

முதலில் ஓர் அடிப்படை உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். மட்டையின் அடியில் பொறித்திருக்கும் எண்ணுக்கு உலகப் பொதுவான அளவு எதுவும் கிடையாது. பந்து எவ்வளவு தூரம் செல்லும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது மட்டை முகப்பின் சாய்வு. சாய்வு கூடினால் பந்து உயர எழும்பி அருகில் விழும். சாய்வு குறைந்தால் தாழ்வாகப் பறந்து தொலைவில் விழும். ஏறக்குறைய 4 பாகை சாய்வு மாறினால் சுமார் 10 மீட்டர் தூரம் மாறும் என்பது ஆட்டக்காரர்கள் கையாளும் பொதுக் கணக்கு.

1980ஆம் ஆண்டுகளில் 7ஆம் எண் மட்டையின் சாய்வு பெரும்பாலும் 35, 36 பாகை அளவில் இருந்தது. இன்று தூரத்திற்கென்றே தயாராகும் மட்டைகளில் அதே 7ஆம் எண் 28 முதல் 30 பாகைக்குள் வந்துவிட்டது. அதாவது, அன்றைய 5ஆம் எண் மட்டைக்கு ஒப்பான ஒன்றின் அடியில் இன்று 7 என்று பொறித்து விற்கிறார்கள். நம் பெரியவர் தம் 7ஐயும் கடைக்காரரின் 7ஐயும் ஒப்பிட்டபோது, உண்மையில் அவர் ஒப்பிட்டது இரு வேறு மட்டைகளை!

இதை ஏமாற்று வேலை என்று ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. சாய்வை மட்டும் குறைத்தால் பந்து தாழ்வாகவே பறக்கும். அதைச் சரிசெய்ய, டங்ஸ்டன் போன்ற கனமான உலோகத்தை மட்டையின் அடிப்பகுதியில் பதித்து, எடையின் மையத்தைக் கீழே இறக்குகிறார்கள். முகப்பையும் மெல்லியதாக்கி, பந்து வேகமாகத் தெறிக்கும்படி செய்கிறார்கள். இதனால் சாய்வு குறைந்தபோதிலும் பந்து உயர எழுகிறது. இது நல்ல பொறியியல்தான், மறுப்பதற்கில்லை.

நிற்கும் பந்தே வெல்லும் பந்து

ஆனால் இரும்பு மட்டையின் வேலை பந்தை விரட்டுவது மட்டுமல்ல, சொன்ன இடத்தில் நிறுத்துவதும்தான். பந்து கிரீனில் நிற்க இரண்டு காரணங்கள் வேண்டும். ஒன்று, பந்தின் பின்சுழற்சி. மற்றொன்று, அது தரையில் இறங்கும் கோணம்.

அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் 7ஆம் எண் மட்டையால் அடிக்கும் பந்து, சராசரியாக நிமிடத்திற்குச் சுமார் 7,000 சுற்றுகள் சுழன்றபடி, 157 மீட்டர் அளவுக்குப் பறந்து, ஏறத்தாழ 50 பாகைக் கோணத்தில் செங்குத்தாக இறங்குகிறது. அதனால்தான் தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் பந்துகள் விழுந்த இடத்திலேயே ஆணி அடித்தாற்போல் நிற்கின்றன. தூர மட்டையால் அடிக்கும் பந்தில் சுழற்சி குறைவு. மட்டையை மெதுவாக வீசுபவரின் பந்து போதிய உயரமும் எழுவதில்லை. ஆகவே அது சாய்வாக விழுந்து உருண்டோடிவிடுகிறது. இறங்கும் கோணம் 45 பாகைக்குக் கீழே போனால், கிரீனில் பந்தை நிறுத்துவது கடினம் என்று பயிற்றுநர்கள் கூறுவது இதனால்தான்.

நம் நாட்டு வானிலையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மாலை மழை பெய்து ஓய்ந்த திடலில் பந்துக்கும் மட்டைக்கும் இடையே நீரும் புல்லும் சிக்கிக்கொள்ளும். அப்போது சுழற்சி மேலும் குறைந்து, பந்து எதிர்பாராத தூரத்திற்குப் பாய்ந்துவிடும். அதே வேளையில், ஈரமான இளகிய தரையில் மெல்லிய அடிப்பாகம் கொண்ட மட்டை மண்ணுக்குள் புதைந்து போகும். அகன்ற அடிப்பாகம் உள்ள மட்டையோ தரையில் வழுக்கிச் செல்லும். ஆக, மழைநாட்டு ஆட்டக்காரருக்கு அகன்ற அடிப்பாகம் ஒரு துணை.

மன்னிக்கும் மட்டை

அப்படியானால் துல்லியம் வேண்டுவோர், பின்புறம் தட்டையாக வழவழவென்றிருக்கும் பழைய பாணி 'பிளேடு' மட்டையைத்தான் வாங்க வேண்டுமா? அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. பிளேடு மட்டையின் நடுப்பகுதியில் பந்து பட்டால் பலன் அருமை. சற்றே விலகிப் பட்டாலோ பந்து சோர்ந்துபோய் முன்னதாகவே விழுந்துவிடும்.

இந்தக் குறைக்கு வழி கண்டவர் கார்ஸ்டன் சோல்ஹைம். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இவர் ஜெனரல் எலக்டிரிக் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றியவர். 1959ஆம் ஆண்டில் தம் வீட்டுக் கார் கொட்டகையில் மட்டை செய்யத் தொடங்கினார். அவர் செய்த மட்டை பந்தில் பட்டபோது 'பிங்' என்று ஒலித்ததால், அதுவே அவருடைய நிறுவனத்தின் பெயராயிற்று. மட்டையின் எடையை நடுவிலிருந்து எடுத்து ஓரங்களுக்குப் பகிர்ந்தளித்தால், பந்து ஓரத்தில் பட்டாலும் மட்டை கையில் அதிகம் திரும்பாது என்பது அவர் கண்ட உண்மை. இதன் பயனாகத்தான் பின்புறம் குழிவான இரும்பு மட்டைகள் பரவின. 1982ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நிறுவனத்தின் 'ஐ 2' மட்டை உலகெங்கும் புகழ்பெற்றது.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். தூரம் என்பது வேறு, தவற்றை மன்னிக்கும் தன்மை என்பது வேறு. ஓரத்தில் பட்ட பந்தும் நடுவில் பட்ட பந்தும் ஏறக்குறைய ஒரே தூரம் போனால், அதுவும் ஒரு வகைக் கட்டுப்பாடுதான். வாரம் ஒருமுறை ஆடும் சாதாரண ஆட்டக்காரருக்கு, பின்புறம் குழிவான மட்டையே பிளேடு மட்டையைவிடத் துல்லியமாக அமையக்கூடும். அவர் தவிர்க்க வேண்டியது மன்னிப்பை அல்ல. அளவுக்கு மீறிச் சாய்வு குறைந்த முகப்பைத்தான்.

பத்துப் பந்துச் சோதனை

எப்படித் தேர்ந்தெடுப்பது? ஒரே ஒரு நல்ல அடியைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. ஒவ்வொரு மட்டையாலும் பத்துப் பந்துகளை அடித்துப் பார்க்க வேண்டும். மிகத் தொலைவில் போனது எது என்பதைவிட, மிகக் குறைந்த தூரத்திற்கும் மிக அதிக தூரத்திற்கும் உள்ள இடைவெளி எவ்வளவு என்பதையே குறித்துக்கொள்ள வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு: முதல் மட்டையின் சராசரி 140 மீட்டர், ஆனால் பந்துகள் 122 முதல் 153 மீட்டர் வரை சிதறுகின்றன. இரண்டாவது மட்டையின் சராசரி 131 மீட்டர்தான். ஆனால் எல்லாப் பந்துகளும் 126 முதல் 136 மீட்டருக்குள் விழுகின்றன. கிரீனின் நீளம் 25 மீட்டர் என்றால், 31 மீட்டர் சிதறும் முதல் மட்டையை நம்பிக் குளத்தைத் தாண்ட முடியுமா? இரண்டாவது மட்டையில் 9 மீட்டர் குறைகிறதே என்றால், அதற்குத்தான் பையில் அடுத்த எண் மட்டை இருக்கிறது. 6ஆம் எண்ணை எடுத்து அடித்துவிட்டுப் போகலாம். எந்த எண் மட்டையால் அடித்தீர்கள் என்று கணக்கு அட்டை கேட்பதில்லை!

சோதனையின்போது மேலும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். பயிற்சித் திடலின் ரப்பர் விரிப்பு, பந்துக்கு முன்னால் தரையில் படும் தவறான அடியையும் மறைத்துவிடும். முடிந்தால் புல்தரையில் அடித்துப் பார்ப்பது நல்லது. தேய்ந்த பயிற்சிப் பந்துகள் உண்மைத் தூரத்தைக் காட்டா. மட்டைத் தண்டின் எடையும் முக்கியம். எஃகுத் தண்டு கனமானது. கிராஃபைட் தண்டு இலேசானது. வயது ஏறி, கைவேகம் குறைந்தவர்களுக்கும் மூட்டு வலி உள்ளவர்களுக்கும் கிராஃபைட் ஏற்றது. இழந்த தூரத்தைத் தண்டின் வழியாக ஓரளவு மீட்டுக்கொள்வது, முகப்புச் சாய்வைக் குறைத்து மீட்பதைவிடப் பாதுகாப்பானது.

இன்னொரு மறைமுகச் செலவும் உண்டு. தூர மட்டைத் தொகுப்பில் 'பிச்சிங் வெட்ஜ்' மட்டையின் சாய்வு 43 பாகை அளவுக்கு இறங்கியிருக்கும். மணற்குழி மட்டையோ வழக்கமாக 56 பாகை. இடையில் 13 பாகை வெற்றிடம்! அதை நிரப்ப மேலும் ஒன்றிரண்டு மட்டைகள் வாங்க வேண்டிவரும். பையில் 14 மட்டைகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்பதும் விதி. முழுத் தொகுப்பின் சாய்வு அளவுகளையும் கேட்டு எழுதி வாங்கிக்கொண்ட பிறகே விலை பேச வேண்டும்.

இரண்டுக்கும் இடையே ஒரு நடுவழியும் இருக்கிறது. 5, 6 போன்ற நீண்ட மட்டைகளை மன்னிக்கும் வகையிலும், 8, 9 போன்ற குட்டை மட்டைகளைக் கட்டுப்பாட்டுக்கு உகந்த வகையிலும் கலந்து வாங்கலாம். தொழில்முறை ஆட்டக்காரர்களே பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

வீரர்கள் காட்டிய வழி

2006ஆம் ஆண்டு ஜூலையில், இங்கிலாந்தின் ஹொய்லேக் திடலில் நடைபெற்ற பிரிட்டிஷ் பொதுப் போட்டியை ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உலகில் மிகத் தொலைவு அடிப்பவர்களில் ஒருவராக இருந்த டைகர் வூட்ஸ், நான்கு நாள் ஆட்டத்தில் 'டிரைவர்' மட்டையை ஒரே ஒரு முறைதான் பயன்படுத்தினார். காய்ந்து கெட்டியாகிப் போன தரையில் பந்து எக்கச்சக்கமாக உருளும். மணற்குழிகள் விழுங்கிவிடும் என்று கணக்கிட்டு, இரும்பு மட்டைகளையே பெரிதும் நம்பினார். இரண்டு அடி வித்தியாசத்தில் கிண்ணத்தை வென்றார். அடிக்க முடிந்த தூரத்தைவிட அடிக்க வேண்டிய தூரமே முக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் மண்ணிலும் பாடம் உண்டு. ஃபீஜியைச் சேர்ந்த விஜய் சிங், 1980ஆம் ஆண்டுகளில் போர்னியோவில் கோல்ஃப் பயிற்றுநராக வேலை பார்த்தவர். பயிற்சித் திடலில் மணிக்கணக்கில் பந்தடிப்பதில் பேர்போனவர். அவர் 2004ஆம் ஆண்டில் உலகின் முதல் நிலைக்கு உயர்ந்தார். 1893ஆம் ஆண்டில் சிலாங்கூர் கோல்ஃப் கிளப் தொடங்கப்பட்ட காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார்களின் விளையாட்டாக இருந்த ஒன்றில், பின்னாளில் மா.ராமையா, பெ.குணசேகரன் போன்ற நம்மவர்களும் தொழில்முறை ஆட்டக்காரர்களாகத் தலைநிமிர்ந்தார்கள்.

மட்டை வாங்கச் சென்ற பெரியவருக்கு வருவோம். சேமநிதிப் பணம் ஒருமுறைதான் வரும். அதில் ஒரு பகுதியை ஆசைக்குச் செலவிடுவது தவறில்லை. ஆனால் கடைத் திரையில் மின்னும் 15 மீட்டருக்காக அல்லாமல், சனிக்கிழமை காலையில் நண்பர்களோடு ஆடும்போது மனநிறைவு தரும் மட்டைக்காக அவர் அதைச் செலவிட வேண்டும். "இதன் சாய்வு எத்தனை பாகை?" என்ற ஒரு கேள்வியும், பத்துப் பந்துச் சோதனையும் போதும்; பாதி ஏமாற்றம் குறைந்துவிடும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் முன்னோர். அளந்து அடித்தால், பந்தை ஆற்றிலே போட வேண்டிய அவசியமே வராது!